மேனேஜரின் அகராதி

மேனேஜர் ஆங்கில அகராதியைக் கரைத்துக் குடித்தவர். அதிலும் ஓ, பி, எஸ் என்ற மூன்று எழுத்துகளும் சேர்ந்து ‘அப்ஸ்’ என்று தொடங்கும் வார்த்தைகள் என்றால் அவருக்கு உயிர். வாரத்துக்கு ஒன்றை யார் தலையிலாவது கட்டிவிடுவார். டைப்பிஸ்ட் அம்மா ‘அப்ஸ்டினேட்’, அதாவது பிடிவாதக்காரி. ஓயாமல் சத்தம் போடும் டிரைவர் ‘அப்ஸ்டிரெபரஸ்’. அளவுக்கு மீறிக் குழையும் கேஷியர் ‘அப்ஸீக்வியஸ்’. கேஷியர் அதையும் பட்டம் என்று நினைத்து நன்றி சொன்னார்.

ஸ்டோர்ஸ் கிளார்க்குக்குப் பொறுக்கவில்லை. சொந்தமாக ஒரு வார்த்தையைத் தயாரித்துக்கொண்டு மேனேஜர் அறைக்குள் போனான்.

“சார், ‘அப்ஸ்டிகுலஸ்’னா என்ன சார்? ஏதோ புக்குல படிச்சேன்.”

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அருமையான வார்த்தையாச்சே! ஆனா பொருத்தமான ஆள் கிடைச்சாதான் சொல்லணும்.”

வெளியே வந்த கிளார்க் வயிறு குலுங்கச் சிரித்தான்.

“இல்லாத வார்த்தைக்குத் தலையாட்டுறாருய்யா! சாயம் வெளுத்துப் போச்சு!”

கேஷியர்தான் முதலில் கைகொடுத்துப் பாராட்டினார்.

அடுத்த மாதம் பதவி உயர்வும் கேஷியருக்கே போயிற்று. கிளார்க் பதறிக்கொண்டு ஓடினான்.

“சார், அது எனக்கு வர வேண்டியதாச்சே! என்கிட்ட என்ன சார் குறை?”

“வேலையில ஒரு குறையும் இல்லப்பா. ஆனா நீ அப்ஸ்டிகுலஸ். ஹெட் ஆபீசுக்கு அப்படித்தான் எழுதினேன்.”



“அப்படின்னா... என்ன அர்த்தம் சார்?”

“மேலதிகாரியோட இங்கிலீஷை ஆழம் பாக்கறதுக்காக, இல்லாத வார்த்தையை இட்டுக்கட்டுறவன்” என்றார் மேனேஜர். “அப்படி ஒரு வார்த்தையே கிடையாதுன்னா, ஹெட் ஆபீசுக்கு நீயே விளக்கி எழுதேன்!”