தங்க நகரத்து டீச்சர்

வன்னியில் யுத்தம் முடிந்துவிட்டதாக அறிவித்து இரண்டு கிழமைதான். யூட் வேலைக்கு வந்து நின்றான். அவன் அகதியாக வந்து குடியேறிய நாட்டில், இக்காஸ்ட் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கேளிக்கைப் பூங்கா. அங்கே பலகையால் கட்டி வைத்திருந்த பழைய தங்க வேட்டை நகரத்தின் கதையைச் சனத்துக்குச் சொல்வது அவன் வேலை.

“வீட்டை போம், யூட். உம்மட ஆக்கள் ஒருத்தரும் மிஞ்சேல்லை எண்டு கேள்விப்பட்டன்,” என்றாள் மேலாளர் கிர்ஸ்டன்.

“கதையைச் சொல்லிப்போட்டுப் போறன்.”

தங்கம் கிடைத்ததும் சனம் குவிந்ததையும், அது தீர்ந்த பிறகு ஊர் எரிந்ததையும் வழக்கம்போலச் சொன்னான். “அதோடு நகரம் செத்தது” என்று முடிக்கவேண்டிய இடத்தில் குரலை உயர்த்தினான்.

“நகரம் சாகேல்லை! ஒரு டீச்சர், மிஞ்சின பிள்ளையளைச் சேர்த்துக் கூடாரத்துக்குள்ள பள்ளிக்கூடம் தொடங்கினா. கரும்பலகை இல்லை. மண்ணில விரலால எழுதிப் படிப்பிச்சா.”

சனம் கைதட்டியது. கிர்ஸ்டன் அவனை ஓரமாக இழுத்தாள்.

“எங்கட கதையில அப்பிடி ஒரு டீச்சரே இல்லையே! இது எப்ப நடந்தது?”

யூட் தலை குனியவில்லை.

“நேற்று,” என்றான். “வன்னி அகதி முகாமில இருந்து என்ர அக்கா இண்டைக்குக் காலமைதான் ஃபோன் எடுத்துக் கதைச்சவ. அந்த டீச்சர் அவதான்.”