சீட்டைத் தின்ற நத்தை

ஆராய்ச்சிக்கூடச் சுவரில் ஒரே ஒரு படம் மாட்டத்தான் இடம் இருந்தது. மேசையிலோ இரண்டு படங்கள். ஒன்று, தொலைநோக்கி எடுத்த விண்மீன் கூட்டம். மற்றொன்று, கடல் மணலில் கிடந்த பொடிக் கிளிஞ்சலை நுண்ணோக்கி எடுத்தது. ஆராய்ச்சியாளர் ஜெசிந்தா அவற்றில் பெயர்ச்சீட்டுகளைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டிவிட்டுக் கை கழுவப் போயிருந்தார்.

"என் படத்துல கோடிக்கணக்கான சூரியன் இருக்கு. அதைத்தான் மாட்டணும்" என்றது தொலைநோக்கி.

"பெருசா இருந்தா போதுமாக்கும்" என்றது நுண்ணோக்கி. "சரி, இதுல உன் படம் எது?"

தொலைநோக்கி குனிந்து பார்த்தது. சீட்டுகளைக் காணோம். இரண்டு படங்களிலும் ஒரே மாதிரிச் சுருள்.

"இடது பக்கம் இருக்கறது. இல்லை, வலது." அது தடுமாறியது. நுண்ணோக்கிக்கும் தெரியவில்லை.

படங்களுக்கு நடுவே ஒரு நத்தை எதையோ மென்றுகொண்டிருந்தது. "சீட்டு ரெண்டையும் நான்தான் தின்னேன். ரெண்டு படத்துலயும் இருக்கறது என் வீடுதானே? அந்த உரிமைதான்."

ஜெசிந்தா திரும்பி வந்தார். நத்தையை விரட்டவில்லை. இரண்டு படங்களையும் நத்தையின் ஓட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஸ்கேலை எடுத்து, முதலில் நத்தையின் முதுகிலிருந்த சுருளை அளந்தார்.