மேம்பாலத்துக்கு ஒரு பொட்டு

நகராட்சிக் கூட்ட அறையில் ஹீட்டரின் அனல் தாங்காமல் ஜன்னலைத் திறந்து போட்டிருக்கிறார்கள். நவம்பர் மாலை வெயில் சுவரில் ஒட்டிய நீளக் காகிதத்தின்மேல் சாய்ந்து விழுகிறது. மினசோட்டா சட்டமன்றத்திடம் இந்த ஊர் கேட்கப்போகும் கோரிக்கைகள் அதில் வரிசையாக இருக்கின்றன. உறுப்பினர்கள் ஆளுக்கொன்றாக ஒட்டும் பச்சை ஸ்டிக்கர் பொட்டுகளை அதிகம் வாங்கும் மூன்று மட்டும் தலைநகருக்குப் போகும். கிழக்கு வார்டு உறுப்பினர் வாண்டா தன் பொட்டை ரயில்வே மேம்பாலத்துக்கு எதிரே எப்போதோ ஒட்டிவிட்டாள். இன்னும் ஒன்று விழுந்தால் அதற்கு மூன்றாமிடம். கடைசிப் பொட்டு இன்னோர் உறுப்பினரான லூமிஸின் கட்டைவிரலில் இருக்கிறது. மேம்பாலத்துக்கே ஒட்டுவதாகக் காலையில் போனில் வாண்டாவிடம் சத்தியம் செய்த அந்த மனிதர், மேயரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதைப் புது ஸ்டேடியத்துக்கு எதிரே வைத்து அழுத்துகிறார். “சத்தியம் பண்ணீங்களே, லூமிஸ்?” என்கிறாள் வாண்டா. “அடுத்த வருஷம் பாத்துக்கலாம், வாண்டா.” “நாலு வருஷமா இதே பல்லவி. வெக்கமா இல்ல உங்களுக்கு?” வெளியே சரக்கு ரயில் ஒன்று பெட்டிக்குப் பெட்டி முட்டிக்கொண்டு, ஊரைக் குறுக்கே அடைத்து நிற்கிறது. சற்று நேரத்தில் ஓர் ஆம்புலன்ஸின் அலறல் நெருங்குகிறது. ரயில்வே கேட் அருகே வந்ததும் நகர வழியில்லாமல் ஒரே இடத்தில் கிடந்து கத்துகிறது. லூமிஸ் விரலில் ஒட்டிய பசையை உருட்டிக்கொண்டிருக்கிறார். மேயர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துகிறார். “குளிருது” என்கிறார், நெற்றி வியர்வையைத் துடைத்தபடி. வாண்டா எழுந்து போய் ஜன்னலை முழுசாகத் திறந்து, இனி யாரும் சாத்த முடியாதபடி அதன் குறுக்கே நிற்கிறாள்.