கொடி கிடக்கு

பழைய துப்பாக்கிச் சாமான்கள் சேர்க்கும் கிறிஸ்துராஜா, ஏலத்தில் ஒரு சிவப்புக் கொடியை எடுத்தார். சுடுதிடலில் துப்பாக்கிச் சூடு நடக்கும்போது, எவரும் குறுக்கே போகாதபடி ஏற்றிவைக்கும் கொடி அது. கிங்ஸ்பரியில் உள்ள தன் வீட்டின் பின்வேலியில் அதைக் கட்டினார். அதன் முன்னால்தான் மனைவி மரியநாயகியின் துணி காயும் கொடி.

அன்று காயப்போட்ட வெள்ளை விரிப்பின் நடுவில் சுண்டுவிரல் நுழையுமளவு ஓட்டை. மறுநாள் மூன்று.

"உங்கட பழஞ்சாமானோடை வந்த பூச்சிதான்," என்றாள் அவள்.

அவர் சிவப்புக் கொடியை அவிழ்த்துப் பெட்டியில் பூட்டினார். சாவி சட்டைப்பையிலேயே இருந்தது.

ஞாயிறு பூசை முடிந்து வந்து ஜன்னலால் பார்த்தார். வேலியில் சிவப்புக் கொடி பறந்தது. அதன் முன்னால் மரியநாயகி ஈர விரிப்போடு நின்றாள்.

"நாயகி, உள்ளுக்கு வா. கொடி கிடக்கு."

"ஓம், கொடி கிடக்கிறபடியால்தானேப்பா காயப்போடுறன்," என்று சிரித்தவள், விரிப்பை நெஞ்சளவுக்கு விரித்துப் பிடித்தாள்.