இரண்டு அங்குலம்

"என்னய்யா லாயிட், வாலிபம் திரும்புதா? இந்த வயசுல வண்டியை ஒசத்திக் கட்டிக்கிட்டு காட்டுல ஓட்டப் போறியா?"

பக்கத்து வீட்டு டாரல் கையில் காபிக் கோப்பையோடு புல்வெளியைத் தாண்டி வந்து நின்றான். வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்த லாயிட்டின் காலணிகள் மட்டும்தான் வெளியே தெரிந்தன.

லாயிட் ஆயுள் முழுக்க முடி வெட்டியவர். கத்தரிக்கோலைவிடக் கனமான எதையும் பிடித்துப் பழகாத கை, காலையிலிருந்து ஒரே ஒரு போல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. மிச்சிகனில் பனிக்காலம் முழுக்கச் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். அந்த உப்பு பழைய எஸ்யூவியின் அடிவயிற்றைத் தின்று, போல்ட்டையும் நட்டையும் ஒரே துருக்கட்டியாக்கி வைத்திருந்தது.

"ஒசத்தலப்பா. இறக்குறேன். ரெண்டு அங்குலம்."

டாரலுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்தத் தெருவில் வண்டியை உயர்த்தாத ஆண்பிள்ளை கிடையாது. அவனுடைய பிக்கப்பில் ஏற அவன் மனைவிக்கே ஏணி வேண்டும்.

"இறக்குறியா? ஊரே ஒரு பக்கம் போனா நீ மட்டும் ஒரு பக்கம். யாருக்காக இந்தக் கூத்து?"

"நோரீனுக்காக."

டாரல் கோப்பையைக் கீழே வைத்தான். லாயிட்டின் மனைவி நோரீனுக்கு நரம்பு வியாதி. வீட்டுக்குள் நடைச்சட்டத்தைப் பிடித்து நகர்ந்துவிடுவாள். அந்த உயரமான இருக்கையில் ஏறுவதுதான் முடியாது. ஈஸ்டர் அன்று அவளைத் தூக்கி உட்கார வைக்கப்போய், லாயிட்டுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு, இரண்டு பேரும் சர்ச் வாசலிலேயே விழுந்தார்கள்.

அதிலிருந்து அவள் வெளியே கிளம்புவதே இல்லை. அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடச் சொல்லி மகள் போன் செய்யும்போதெல்லாம், "என் உயிர் இருக்கற வரைக்கும் அவ இங்கதான்" என்று லாயிட் கத்திவிட்டு வைத்துவிடுவார். நோரீன் மட்டும் அந்தப் பேச்சில் வாயே திறக்க மாட்டாள்.

போன மாதம் அவளாகவே ஒரு நாள் சொன்னாள். "இந்த சீட் கொஞ்சம் தாழ இருந்தா, யாரும் தூக்காம நானே ஏறிடுவேன், லாயிட்."

அவள் வாயிலிருந்து அப்படி ஒரு ஆசை வந்ததே போதும் என்று ஆகிவிட்டது அவருக்கு. அன்றைக்கே வண்டியைத் தாழ்த்தும் குட்டையான ஸ்பிரிங்குகளுக்குச் சொல்லி வைத்தார்.

"ஒர்க் ஷாப்ல விட்டிருக்கலாமே?" என்றான் டாரல்.

"துருவைப் பார்த்துட்டு, தொடவே மாட்டோம்னுட்டாங்க. வீடியோ பார்த்துப் பார்த்து நானே பண்றேன்."

"கிழிஞ்சுது போ. நகரு, நகரு. வெறும் ஜாக்கை நம்பியா படுத்திருக்கே? ஸ்டாண்டு வைக்காம உள்ளே போனா நோரீன் விதவைதான்."

டாரல் ஸ்டாண்டுகளைக் கொண்டுவந்து முட்டுக் கொடுத்தான். துருவில் எண்ணெய் அடித்து, ஸ்பேனரின் பிடியில் நீளமான குழாய் ஒன்றைச் செருகி, இருவருமாகச் சேர்ந்து தொங்கினார்கள். போல்ட் வீலென்று கத்திக்கொண்டு அசைந்து கொடுத்தது. லாயிட் சின்னப் பிள்ளைபோல் கை தட்டினார்.

பின்பக்க ஸ்பிரிங் ஒன்றைத் தலைகீழாக மாட்டிவிட்டு, பிறகு திட்டு வாங்கிக்கொண்டே கழற்றித் திருப்பி மாட்டினார்.

"உன்கிட்ட முடி வெட்டிக்கிட்டவங்க காதெல்லாம் பத்திரமா இருக்கா?" என்றான் டாரல். பிறகு, "ஆமா, உங்க பூனை என் கட்டிலையே பட்டா போட்டுக்கிச்சு. நோரீன் குடுத்தனுப்பினதுலேர்ந்து என் பொண்டாட்டிக்கு நான் ரெண்டாம் பட்சம்."

"பூனை முடி பட்டா இருமல் வருதாம் நோரீனுக்கு" என்றார் லாயிட், நட்டை முடுக்கியபடி.

பிற்பகலில் சக்கரங்கள் மாட்டப்பட்டு, வண்டி மெல்லத் தரையிறங்கியது. ஒட்டகம் மண்டியிட்டதுபோல் தாழ்ந்து நின்றது.

நோரீன் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஈஸ்டருக்குப் போட்ட நீலக் கோட்டைப் போட்டிருந்தாள். உதட்டுச் சாயம்கூடப் பூசியிருந்தாள். லாயிட் ஓடிப்போய்க் கை நீட்டினார்.

"தொடாதே" என்றாள்.

இருக்கைக்கு முதுகைக் காட்டி நின்று, மெதுவாக உட்கார்ந்தாள். ஒரு காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்தாள். மூச்சு வாங்கிவிட்டு, மற்றொரு காலையும் வைத்தாள். கதவைத் தானே சாத்திக்கொண்டாள்.

லாயிட் அழுதுவிட்டார். திருமணத்தன்றுகூட அவர் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. டாரல் கையைத் துடைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"சக்கரமெல்லாம் நேரா இருக்கான்னு பார்க்கணும், லாயிட். அதுவரைக்கும் ரொம்ப தூரம் ஓட்டாதே" என்றான்.

"பக்கம்தான் போறோம்" என்றாள் நோரீன், சன்னல் வழியாக.

லாயிட் கிரீஸ் கையோடேயே ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். "எங்க போலாம்? சொல்லு. ஏரிக்கரைக்கா? அங்க இருக்கற கடையில செர்ரி கேக் சாப்பிடலாமா?"

நோரீன் அவருடைய அழுக்குக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"முதியோர் இல்லத்துக்கு விடு. இடம் பேசி முடிச்சாச்சு. என்னைத் தூக்கித் தூக்கி நீ சாகறதை என்னால பார்க்க முடியாது, லாயிட். யாரும் தூக்கிக்கிட்டுப் போய் விடறதுக்குள்ள, நானா ஏறிப் போயிடறேன்."

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் அவர் பக்கம் சாய்ந்து, தன் கோட்டின் முனையால் அவர் கன்னத்தைத் துடைத்தாள்.

"திரும்பி வர்றப்ப தனியா வருவே. பார்த்து ஓட்டு."