கார்ட்டருக்குள் ஒரு சாவிப்பை

மணப்பெண் ஜெசிந்தா மறுநாள் கல்யாணக் கவுனுக்குள் தொடையில் மாட்டிக்கொள்ள, லேஸ் வைத்த கார்ட்டர் பட்டை ஒன்றை ஊசி தைத்துக்கொண்டிருந்தது. உள்பக்கத்தில் குட்டியாக ஒரு பையும் வைத்தது.

“அது எதுக்குடி?” என்றது கத்தரிக்கோல்.

“அவங்கம்மா வீட்டுச் சாவிக்கு, அக்கா.”

“கட்டிக்கொடுக்கிற பொண்ணுக்கு அம்மா வீட்டுச் சாவியா? தரித்திரமே, பிரிச்சுப் போடு! இல்லன்னா நான் வெட்டுவேன்.”

கத்தரிக்கோலின் வாய்க்கு முன்னால் ஊசி எம்மாத்திரம்? ஆனாலும் நூலை இரட்டையாகக் கோத்துக்கொண்டது.

“வெட்டுங்கக்கா. நீங்க வெட்ட வெட்ட நான் தைப்பேன்.”

கத்தரிக்கோல் தையலை வெட்டியது. ஊசி தைத்தது. மறுபடியும் வெட்டியது. மறுபடியும் தைத்தது.

மறுநாள் காலை மாதா கோயிலுக்குக் கிளம்பும்போது ஜெசிந்தா தொட்டுப் பார்த்தாள். பட்டையிலேயே கெட்டியான இடம் அந்தப் பைதான். சாவி உள்ளே பத்திரமாக இருந்தது.