சோதனைக்கு மட்டும்

பழைய பந்தயக் கார் ஒன்று. அதிகாரிகள் சோதிக்கும்போது மட்டும் அதில் தீயணைப்பு சிலிண்டரை மாட்டுவார்கள். அவர்கள் தலை மறைந்ததும், எடை குறையட்டுமென்று கழற்றிக் கொட்டகையில் போடுவார்கள்.

அன்றும் கழற்றியபோது சிலிண்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "டேய் எஞ்சின், போன ஓட்டத்துலயே உனக்கு எண்ணெய் ஒழுகுச்சே! ஓட்டுறவன் உசுருடா! என்னையும் கூட்டிட்டுப் போ."

"உன்னையும் சுமந்தா நான் ஜெயிச்ச மாதிரிதான்! சும்மா கிட, குண்டா," என்று உறுமிக்கொண்டு போனது எஞ்சின்.

கொடி அசைந்தது. பாதித் தூரத்தில் எஞ்சின் வெடித்தது. நெருப்புக்குள் ஓட்டுநர் அலறியது கொட்டகைவரை கேட்டது. நிறைந்த வயிற்றோடு சிலிண்டர் அப்படியே கிடந்தது.

அடுத்த பந்தயத்துக்குப் புது எஞ்சின், புது ஓட்டுநர். சிலிண்டரைத் துடைத்து மாட்டினார்கள்.

"வாங்கண்ணே! இனி நம்மகூடதானே இருப்பீங்க?" என்றது புது எஞ்சின்.

"சோதனை முடியிற வரைக்கும்," என்றது சிலிண்டர்.